தீர்ப்பு வரும்வரை தாலிக்கு உயிர் உண்டு

சட்டம் - கேள்வி பதில்

விவாகரத்து வழக்கு முடிவதற்குள் இன்னொரு உறவு அமைந்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டு வந்த கடிதங்களை இம்முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பதில்கள் 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்துக்கு உட்பட்ட இந்து, பௌத்த, சமண, சீக்கியத் தம்பதிகளுக்கு மட்டுமே பொருந்தும்.

மூன்று வருடமாக அம்மா வீட்டில் இருக்கிறேன். என் கணவர் போட்ட விவாகரத்து வழக்கு வாய்தாவிலேயே போய்க்கொண்டிருக்கிறது. கூட வேலை செய்பவரோடு நெருக்கமாகிவிட்டேன். விஷயம் தெரிந்ததும் கணவர் வீட்டார், "கள்ளத்தொடர்பு கேஸில் ரெண்டு பேரையும் உள்ளே தள்ளுவோம்" என்கிறார்கள். முடியுமா?
– வாசகி, ஈரோடு

முடியாது. அந்தக் குற்றமே இப்போது சட்டப் புத்தகத்தில் இல்லை. இந்திய தண்டனைச் சட்டத்தின் 497-ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் 27.9.2018 அன்று ஜோசப் ஷைன் வழக்கில் ரத்து செய்தது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 1.7.2024 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது திரும்பச் சேர்க்கப்படவில்லை. பழைய பிரிவிலும் பெண்ணுக்குத் தண்டனை கிடையாது. அடுத்தவர் மனைவியோடு உறவு வைத்த ஆணுக்கு மட்டும்தான். ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டால், என்ன புகார், எந்தப் பிரிவு என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

ஆனால் ஜெயில் இல்லை என்பதால் பாதிப்பே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். இந்துத் திருமணச் சட்டம் 13(1)(i)-ன்படி, திருமணத்துக்குப் பிறகு வாழ்க்கைத் துணை அல்லாத ஒருவரோடு விருப்பப்பட்டு உடலுறவு கொண்டாலே விவாகரத்துக்குக் காரணம் கிடைத்துவிடும். 1976-க்கு முன் 'தகாத உறவிலேயே வாழ்ந்து வருகிறார்' என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. இப்போது ஒரே ஒரு தடவை போதும். 'மூன்று வருடமாகப் பிரிந்துதானே இருக்கிறோம்' என்ற பதில் செல்லாது. பிரிந்திருந்தாலும் திருமணம் திருமணம்தான்.

உங்கள் கணவர் என்ன காரணம் சொல்லி வழக்குப் போட்டிருக்கிறார் என்று மனுவை எடுத்துப் பாருங்கள். 'கொடுமை' என்று பொத்தாம்பொதுவாக நான்கு வரி எழுதியிருந்தால், எலும்பில்லாத அந்த வழக்குக்கு நீங்களே எலும்பு கொடுத்ததாகிவிடும். மனுவைத் திருத்த அனுமதி வாங்கி இந்தக் காரணத்தையும் அவர் சேர்க்கலாம்.

இன்னொரு நஷ்டம் பேச்சுவார்த்தையில் வருகிறது. பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு (13-பி) ஓராண்டாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனுப் போட்ட பின் ஆறு மாதக் காத்திருப்பு உண்டு. தகுந்த வழக்குகளில் அதைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பு நாள்வரை எந்தப் பக்கமும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்பது 1991-லேயே முடிவான விஷயம். நகை, பணம், குழந்தை எல்லாம் பேசி முடித்த பிறகு புதிய உறவு தெரியவந்து, கோபத்தில் ஒருவர் பின்வாங்கினால் எல்லாமே முதலிலிருந்து தொடங்கும். அவசரமாக விடுதலை தேவைப்படுவது உங்களுக்கு என்று எதிர்த்தரப்பு தெரிந்துகொண்டால், அதற்கு ஒரு விலை வைப்பார்கள்.

நானும் மனைவியும் பேசாமல் ஐந்து வருடம் ஆகிறது. விவாகரத்து வழக்கு நிலுவையில். வேறொரு பெண்ணைக் கோயிலில் வைத்துச் சாதாரணமாகத் தாலி கட்டிக்கொள்ளலாம், ரிஜிஸ்டர் பண்ணாவிட்டால் கேஸ் ஆகாது என்கிறார் நண்பர். சரியா?
– வாசகர், மதுரை

நண்பரை மாற்றுங்கள். திருமணத்தை உருவாக்குவது சடங்கு. பதிவு அதற்குச் சாட்சி மட்டுமே. கோயிலில் தாலி கட்டிய நிமிடமே அது இரண்டாம் திருமணம். இந்துத் திருமணச் சட்டம் 11-ஆம் பிரிவின்படி அது தொடக்கம் முதலே செல்லாது. 17-ஆம் பிரிவின்படி தண்டனைக்கும் உரியது. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 494 என்று சொன்ன குற்றம் இப்போது பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 82(1): ஏழாண்டுவரை சிறை, அபராதம். முதல் திருமணத்தை மறைத்துக் கட்டியிருந்தால் 82(2): பத்தாண்டுவரை.

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 'இருதார வழக்கில் சடங்கை நிரூபிக்க முடியாது, தப்பிக்கலாம்' என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. அதற்கு அடிப்படை 1965-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த பாவுராவ் லோகண்டே வழக்கு. முறைப்படி சடங்கு நடந்ததாக நிரூபிக்காவிட்டால் தண்டனை இல்லை என்றது அது. வடக்கே சப்தபதி நடந்ததா, ஏழடி வைத்தார்களா என்றெல்லாம் குறுக்கு விசாரணையில் இழுக்கலாம். இங்கே இந்துத் திருமணச் சட்டத்தில் 1967-ல் அண்ணா ஆட்சியில் சேர்க்கப்பட்ட 7-ஏ பிரிவு இருக்கிறது. உறவினர், நண்பர் அல்லது வேறு யாரேனும் முன்னிலையில் 'உன்னைத் துணையாக ஏற்கிறேன்' என்று புரியும் மொழியில் சொன்னாலோ, மாலை மாற்றினாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ, இவற்றில் ஒன்றே போதும். ஊரறிய நடக்க வேண்டும் என்றுகூட இல்லை என 2023-ல் இளவரசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. கல்யாணத்தை எளிமையாக்கிய சட்டம், அதை மறுப்பதைக் கடினமாக்கிவிட்டது. 'தாலி கட்டவில்லை, மாலைதான் மாற்றினோம்' என்று ஈரோட்டிலும் மதுரையிலும் சொல்லித் தப்ப முடியாது. வாட்ஸ்அப்பில் வைத்த போட்டோவே சாட்சிப் பட்டியலுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும்.

இது போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போடக்கூடிய குற்றமல்ல, ஜாமீனிலும் விடக்கூடியது. பாதிக்கப்பட்ட கணவனோ மனைவியோ குற்றவியல் நடுவர் முன் தனிநபர் புகார் கொடுக்க வேண்டும். மனைவிக்காக அவருடைய அப்பா, அம்மா, உடன்பிறந்தோர் போன்றவர்களும் கொடுக்கலாம். ஆனால் நடைமுறையில் இதோடு மனைவிக்குக் கொடுமை (பிரிவு 85) போன்ற, போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றத்தையும் சேர்த்து மகளிர் காவல் நிலையத்தில் கொடுப்பார்கள். அப்படிச் சேர்ந்து வந்தால் காவல்துறை இரண்டையும் விசாரிக்கலாம்.

மதம் மாறிக் கட்டிக்கொள்ளும் யோசனையும் வேண்டாம். 1995-ல் சரளா முத்கல் வழக்கிலேயே அந்தக் கதவு அடைபட்டது. நீங்கள் அரசு ஊழியர் என்றால் நீதிமன்றத்துக்கு முன்னால் உங்கள் துறையே வரும். தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள், 1973 துணை உயிரோடிருக்க மறுமணத்தைத் தடுக்கின்றன. குற்றவியல் வழக்கில் விடுதலையானாலும் துறை விசாரணை தனியே நடக்கும். அங்கே நிரூபணத்தின் அளவுகோல் குறைவு.

பெரியவர்கள் முன்னிலையில் பத்திரத் தாளில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, தாலியைத் திருப்பிக் கொடுத்துத் தீர்த்துக்கொண்டோம். நோட்டரி முத்திரையும் உண்டு. பிறகு மறுமணம் செய்து ஒரு மகன் இருக்கிறான். இப்போது அது செல்லாது என்கிறார்களே?
– வாசகி, நாமக்கல் மாவட்டம்

எழுதி வாங்கிய தாள் விவாகரத்து ஆகாது. ஒரே ஒரு விதிவிலக்கு: உங்கள் சமூகத்தில் இப்படித் தீர்த்துவிடும் வழக்கம் தொன்றுதொட்டு, இடைவிடாமல் இருந்துவருகிறது என்று சாட்சியத்தோடு நிரூபித்தால் இந்துத் திருமணச் சட்டத்தின் 29(2) பிரிவு அதை ஏற்கும். 'எங்க பக்கம் இப்படித்தான்' என்று சொன்னால் போதாது. பழைய தீர்ப்புகள், முன்பு இப்படி நடந்த நிகழ்வுகள், வயதான சாட்சிகள் வேண்டும். பெரும்பாலான வழக்குகள் இந்த இடத்தில்தான் விழுகின்றன.

முதல் கணவர் ஒத்துழைப்பார் என்றால் வழி சுலபம். 13-பி-யில் இருவரும் சேர்ந்து மனுப் போடுங்கள். நீங்கள் பிரிந்த தேதிக்கு அந்தப் பத்திரத் தாளே நல்ல ஆதாரம். தீர்ப்பு கிடைத்ததும் இப்போதைய துணையோடு மறுபடியும் ஒருமுறை முறைப்படி திருமணம் செய்து, அந்தப் புதிய தேதியைப் போட்டுப் பதிவு செய்யுங்கள். பழைய தேதியைப் போட்டுப் பதியாதீர்கள். அப்படிச் செய்தால் நீங்களே கையெழுத்திட்டுக் கொடுத்த இருதார ஒப்புதலாக அது நிற்கும். இந்த வரிசையில் செய்தாலும் முந்தைய மறுமணத்துக்கான புகார் ஆபத்து முழுவதும் போய்விடாது. அதனால் முதல் கணவரிடம் பேசும்போது வக்கீல் உடனிருப்பது நல்லது.

மகனைப் பற்றிப் பயம் வேண்டாம். பெற்றோர் திருமணம் செல்லாவிட்டாலும் 16-ஆம் பிரிவின்படி அவன் சட்டப்படியான பிள்ளை. பெற்றோரின் சொத்தில் பங்கு உண்டு. கூட்டுக் குடும்பச் சொத்தில் தகப்பனுக்கு வந்திருக்கக்கூடிய பங்கிலும் உண்டு என்று 2023-ல் ரேவணசித்தப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. தாத்தா, சித்தப்பா பங்குக்கு மட்டும் உரிமை கோர முடியாது.

கணவரைப் பிரிந்து இரண்டு வருடம். வழக்கு முடியவில்லை. இப்போது நான் வாழ்பவரால் கர்ப்பமாக இருக்கிறேன். பிறக்கும் குழந்தைக்கு அப்பா யார் என்று சட்டம் சொல்லும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

உங்கள் கணவர் என்று சொல்லும். வந்த கடிதங்களிலேயே சிக்கலானது இது. பலரும் யோசித்துப் பார்க்காததும் இதுதான்.

பழைய சாட்சியச் சட்டத்தின் 112-ஆம் பிரிவு, இப்போது பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 116. திருமணம் நீடிக்கும்போது பிறந்த குழந்தையும், திருமணம் முறிந்து 280 நாட்களுக்குள், தாய் மறுமணம் செய்யாத நிலையில் பிறந்த குழந்தையும் அந்தக் கணவரின் சட்டப்படியான பிள்ளை. இதை உடைக்க ஒரே வழி, கரு உண்டாகியிருக்கக்கூடிய காலத்தில் இருவரும் கூடியிருக்க வாய்ப்பே இல்லை என்று நிரூபிப்பது. 'பிரிந்திருந்தோம்' என்பது மட்டும் போதாது. ஒரே ஊரில், இரண்டு தெரு தள்ளி இருந்தால் வாய்ப்பு இருந்ததாகவே நீதிமன்றம் கொள்ளும். கணவர் அந்த மாதங்களில் வெளிநாட்டில் இருந்தார் என்பதற்குப் பாஸ்போர்ட் முத்திரை இருந்தால் அது பலமான ஆதாரம்.

டி.என்.ஏ. எடுத்தால் முடிந்துவிடாதா என்று கேட்பீர்கள். நீதிமன்றம் கேட்டவுடன் உத்தரவிடாது. குழந்தையின் பிறப்பைக் கேள்விக்குள்ளாக்கும் சோதனையைச் சாதாரணமாக அனுமதிக்கக் கூடாது என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2025 ஜனவரியில், கேரளத்திலிருந்து வந்த இவான் ரத்தினம் வழக்கில், தாயே 'இன்னொருவர்தான் தகப்பன்' என்று சொல்லியும், கணவரோடு கூடியிருக்க வாய்ப்பு இருந்ததால் கணவரே தகப்பன் என்று முடிவானது. அந்த இன்னொருவரிடம் ஜீவனாம்சம் கேட்ட வழக்கு நிற்கவில்லை. இதன் பொருள் உங்களுக்குப் புரிய வேண்டும்: இப்போது உடனிருப்பவர் நாளை கைவிட்டால், குழந்தைக்காக அவரிடம் பணம் கேட்பது மிகக் கடினம்.

இன்று செய்ய வேண்டியவை: வழக்கை விரைவுபடுத்த மனுக் கொடுங்கள், கணவர் உடன்பட்டால் 13-பி-க்கு மாற்றி, காத்திருப்புக் காலத் தள்ளுபடியும் கேளுங்கள். தனித்தனி முகவரிக்கான வாடகை ஒப்பந்தம், பணியிட வருகைப் பதிவு, வழக்கு வாய்தா விவரம் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். பிரசவத்துக்கு முன் தீர்ப்பு வந்து, மேல்முறையீட்டுக் காலமும் கழிந்து, முறைப்படி மறுமணமும் நடந்துவிட்டால், திருமண உறவுக்குள் பிறந்த குழந்தையாகப் புதிய கணவரின் பெயருக்கு வழி பிறக்கும். பிறப்புச் சான்றிதழில் மருத்துவமனையில் சொன்ன பெயர் ஏறிவிடும்தான். ஆனால் அந்தத் தாள் 116-ஆம் பிரிவை வெல்லாது.

மனைவி வேறொருவருடன் பழகுவதற்கு ஆதாரம் இருக்கிறது. இனி நான் மாதா மாதம் ஜீவனாம்சம் கொடுக்க வேண்டியதில்லைதானே?
– வாசகர், திருப்பூர்

'பழகுவது' என்ற சொல்லில்தான் உங்கள் வழக்கு தடுமாறும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125, இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பி.என்.எஸ்.எஸ்.) பிரிவு 144(4), 'தகாத உறவில் வாழ்ந்துவரும்' மனைவிக்கு ஜீவனாம்சம் இல்லை என்கிறது. வாழ்ந்துவருதல் என்றால் தொடர்ச்சியாக, ஏறக்குறைய இப்போதும் நடப்பது. என்றோ ஒருநாள் நடந்த தவறு போதாது என்றே நீதிமன்றங்கள் பார்த்துவந்திருக்கின்றன. விவாகரத்துக்கு ஒரு தடவை போதும். ஜீவனாம்சத்தை நிறுத்தப் போதாது. இந்த வித்தியாசம் தெரியாமல் பணத்தை நிறுத்தியவர்கள், நிலுவைத் தொகைக்காக வாரண்டைச் சந்திக்கிறார்கள். உத்தரவை மாற்றச் சொல்லி மனுப் போடுங்கள். மறு உத்தரவு வரும்வரை கட்டிக்கொண்டே இருங்கள்.

இந்துத் திருமணச் சட்டத்தில் வாங்கிய நிரந்தர ஜீவனாம்சம் என்றால் 25(3) பார்க்க வேண்டும். மறுமணமோ தகாத உறவோ நிரூபிக்கப்பட்டால் நீதிமன்றம் தொகையை மாற்றலாம், குறைக்கலாம், ரத்தும் செய்யலாம். குழந்தைக்கான தொகையை இது எதுவும் தொடாது.

உங்கள் பக்கம் ஒரு உறவு இருந்தால் அதையும் சேர்த்து யோசியுங்கள். கணவன் இன்னொரு பெண்ணை வைத்திருந்தால், மனைவி அவனோடு வாழ மறுப்பதற்கு அதுவே நியாயமான காரணம் என்று அதே 144-ஆம் பிரிவு சொல்கிறது.

மனைவியின் போனில் இருந்த சாட்டை அவருக்குத் தெரியாமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். கோர்ட்டில் செல்லுமா?
– வாசகர், தஞ்சாவூர்

2025 ஜூலையில் விபோர் கர்க் வழக்கில், கணவன் மனைவி பேசியதை ஒருவர் ரகசியமாகப் பதிவு செய்திருந்தாலும் விவாகரத்து வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது தம்பதி தமக்குள் பேசியது பற்றிய தீர்ப்பு. மனைவி மூன்றாம் நபரோடு பேசிய விவரத்தைத் திருட்டுத்தனமாக எடுப்பது வேறு. அழைப்பு விவரங்களை மனைவிக்குத் தெரியாமல் வாங்கித் தாக்கல் செய்த ஒரு வழக்கில், அது அந்தரங்க உரிமை மீறல் என்று சொல்லி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024-ல் ஏற்க மறுத்தது. ஆகவே எதிர்ப்பு வரும் என்று எதிர்பார்த்தே தாக்கல் செய்யுங்கள்.

ஸ்கிரீன்ஷாட் விழுவது பெரும்பாலும் சான்றிதழ் இல்லாததால். சாக்ஷிய அதினியம் 63(4)-ன்படி சான்றிதழ் இணைக்க வேண்டும்; ஒரு பகுதியைச் சாதனத்தை வைத்திருப்பவரும், மறு பகுதியை நிபுணரும் கையெழுத்திட வேண்டும், கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் எண்ணும் வேண்டும். படம் எடுத்த உங்கள் போனை விற்றுவிடாதீர்கள், ஃபார்மேட் செய்யாதீர்கள். தகாத உறவைக் காரணமாகக் காட்டினால் அந்த நபரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டியிருக்கும். அவர் பெயர் தெரியாமல் 'யாரோ ஒருவர்' என்று எழுதிய மனு பலவீனமானது.

அந்தரங்கப் படங்களை உறவினர் குரூப்பில் போட்டுவிடாதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-இ, 67-ஏ பிரிவுகளில் நீங்கள் குற்றவாளிக் கூண்டில் ஏறுவீர்கள். குற்றச்சாட்டை நிரூபிக்க முடியாவிட்டாலும் ஆபத்து உண்டு: மனைவியின் நடத்தை மீது ஆதாரமில்லாமல் பழி போடுவதே மனரீதியான கொடுமை, அதை வைத்தே அவருக்கு விவாகரத்து கொடுக்கலாம் என்று 2003-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்திருக்கிறது.

தீர்ப்பு வந்துவிட்டது. எத்தனை நாள் கழித்து மறுமணம் செய்யலாம்?
– வாசகி, திருச்சி

பரஸ்பர சம்மதத் தீர்ப்பு என்றால், குடும்ப நல நீதிமன்றச் சட்டம் 19(2)-ன்படி அதற்கு மேல்முறையீடு இல்லை. சான்றிட்ட நகல் கைக்கு வந்ததும் செய்யலாம். போராடி வாங்கிய தீர்ப்பு என்றால், மேல்முறையீட்டுக்குக் குடும்ப நல நீதிமன்றச் சட்டம் 30 நாள் என்கிறது, இந்துத் திருமணச் சட்டம் 28(4) 90 நாள் என்கிறது. பத்திரமாக 90 நாள் முடியவிட்டு, உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு ஏதும் பதிவாகவில்லை என்று வக்கீல் மூலம் பார்த்துக்கொண்டு மண்டபம் பேசுங்கள். அவசரப்பட்டுச் செய்த திருமணம் தானாகவே செல்லாததாகிவிடாது என்று 1978-லும் 2018-லும் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் மேல்முறையீட்டில் முதல் தீர்ப்பு கவிழ்ந்தால் உங்கள் நிலை என்ன என்று யோசியுங்கள்.

எதிர்த்தரப்பு வராமலே கிடைத்த எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு இன்னும் வழுக்கலானது. சம்மன் சரியாகச் சார்வாகவில்லை (அவர் கைக்குச் சேரவில்லை) என்றால், தெரியவந்த நாளிலிருந்து 30 நாளில் அதை ரத்து செய்யச் சொல்லி அவர் வரலாம். அது மூன்று வருடம் கழித்துக்கூட இருக்கலாம். சம்மன் சார்வான விதம் கோர்ட் கட்டில் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.

விவாகரத்து வழக்கு நடக்கும்போதே அண்ணன் இறந்துவிட்டார். ஏழு வருடமாக அவரைப் பார்த்துக்கொண்டது இன்னொரு பெண். அவருக்கு என்ன கிடைக்கும்?
– வாசகர், கடலூர்

உயில் இல்லையென்றால் எதுவும் இல்லை. வழக்கு அவரோடு முடிந்துபோகும். பிரிந்திருந்த மனைவி விதவையாக முதல் வகுப்பு வாரிசு. பிள்ளைகள், தாயாருக்குச் சமமான பங்கு அவருக்கு உண்டு. பி.எஃப். நாமினியாக அந்தப் பெண்ணின் பெயரைப் போட்டிருந்தாலும், குடும்பம் இருக்கும்போது வெளியாரைப் போட்ட நியமனம் அந்தத் திட்டத்தில் செல்லாது. சுயசம்பாத்தியத்துக்கு அவர் உயில் எழுதியிருக்கலாம்.

வழக்கு முடியும் கட்டத்தில் இருக்கிறது. அதற்குள் மேட்ரிமோனியில் பதிந்து, பெண் பார்த்து, நிச்சயம்வரை செய்துகொள்ளலாமா?
– வாசகர், சென்னை

பதிவது குற்றமல்ல. 'விவாகரத்தானவர்' என்று போடாமல் 'வழக்கு நிலுவையில்' என்று உள்ளபடியே போடுங்கள். மறைத்தால் பெண் வீட்டாருக்கு மோசடிப் புகார் கொடுக்க வழி விட்டதாகும். நிச்சயதார்த்தமும் திருமணமல்ல. வெற்றிலை பாக்கு மாற்றுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். போட்டோகிராபர் கேட்டாலும் மாலை மாற்றுவது, மோதிரம் போடுவது வேண்டாம். மதுரை வாசகருக்குச் சொன்ன 7-ஏ பிரிவை இன்னொரு முறை படித்துப் பாருங்கள்.